பழைய விளையாட்டைப் புதிய கணினியில் இயக்குமாறு

ஏட்டுச்சுவடியொன்றைக் கையிலெடுத்துப் பார்த்தோர் ஓர் உண்மையை அறிவர். ஓலை செல்லரியாது முழுமையாய் இருக்கும்; மை தடவியவுடன் எழுத்தும் தெளிவாய்த் தோன்றும்; ஆயினும் அச்சுநூலிற் பழகிய மாணவன் அதனைப் படிக்க இயலாது திகைப்பான். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்கள் குறிலோ நெடிலோ என்பது விளங்காது. ரகரமும் காலும் ஒன்றுபோலத் தோன்றும். சீரும் அடியும் பிரியாது வரி ஓடிக்கொண்டேயிருக்கும். குறை ஓலையில் இல்லை. எந்த வழக்கை நம்பி அஃது எழுதப்பட்டதோ, அந்த வழக்குப் படிப்பவனிடத்தே இல்லை என்பதே குறை.

கணினி விளையாட்டுகளின் நிலையும் இதுவே. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் இயற்றப்பட்ட விளையாட்டொன்றின் செய்நிரல் ஓர் எழுத்தும் பிறழாது வட்டிற் கிடக்கும். அதனை இன்றைய கணினியில் இட்டால் கணினி படிக்க மறுக்கும். தமிழாசிரியராகிய யாம் இப்பொருளை எடுத்தமை மலர்க்குழுவினர்க்கு வியப்பாயிருந்தது. சென்ற மார்கழி விடுமுறையில் எமக்கு நேர்ந்த ஓர் அலுவலே அதற்குக் காரணம். அதனையும், அதன்பொருட்டு யாம் கற்றுக்கொண்டவற்றையும் ஈண்டு எழுதுகின்றோம். தங்கள் பரண்களிலும் அலமாரிகளிலும் பழைய வட்டுகளை வைத்திருக்கும் பழைய மாணவர் பலர் உளர் என்பதை அறிவோமாதலின், செய்முறையைச் சற்று விரித்தே கூறுவோம்.

1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் ஊரோடு நாமெல்லாம் இடம்பெயர்ந்த கதையை இம்மலர் படிப்போர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. அடுத்த ஆண்டு யாம் கொழும்பு சேர்ந்து, வெள்ளவத்தையில் எம் மாமனார் இல்லத்தில் மூன்றாண்டுகள் தங்கியிருந்தோம். அலுவலகமொன்று கழித்துவிட்ட 386 இனக் கணினியொன்றை மாமா வாங்கி வைத்திருந்தார். அவர் மகன், எமக்கு இரண்டு வயது மூத்த மைத்துனர், அதில் ‘பிரின்ஸ் ஒவ் பேர்சியா’ என்னும் விளையாட்டை ஆடுவார். யாம் அருகிலிருந்து ஆடுவோம். வன்றட்டில் இடம் போதாமையால் விளையாட்டை நெகிழ்வட்டிலிருந்தே இயக்குவோம். மைத்துனர் 2000 ஆம் ஆண்டு கனடாவுக்குச் சென்றார். 2021 இல் அங்கேயே காலமானார். அவர் மகள், பதினாறு வயதுப் பெண், சென்ற மார்கழியில் தாயுடன் யாழ்ப்பாணம் வந்தபோது ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து எம் மேசைமேல் வைத்தாள். வெள்ளவத்தை வீட்டை ஒழிக்கையில் அகப்பட்டதாம். உள்ளே பதினொரு வட்டுகளும், நான்காய் மடித்த தாளொன்றும் இருந்தன. “மாமா, அப்பா விளையாடினது இதுக்குள்ளயோ இருக்கு?” என்று கேட்டாள்.

அவ்விளையாட்டை இணையத்திற் காணலாமே, இவ்வட்டு எதற்கு என்று வினவுவோர் இருப்பர். நியாயமான வினாவே. ‘இன்ரநெற் ஆக்கைவ்’ என்னும் இணைய நூலகம் 2015 ஆம் ஆண்டு ஏறத்தாழ 2,400 டொஸ் விளையாட்டுகளை, எவரும் தத்தம் உலாவியிலேயே ஆடிப் பார்க்குமாறு வைத்தது. விளையாட்டை மட்டும் காண்பதாயின் அது போதும். ஆனால், இவ்விளையாட்டை முடித்தவர் பெயரையும், அவர்க்கு மிஞ்சிய நேரத்தையும் அச்செய்நிரல் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும். பிரின்ஸ் என்ற பெயரும் எச்-ஓ-எவ் என்ற பின்னொட்டும் உடைய அக்கோப்பு, புகழ்மண்டபம் என்னும் பொருளது. மைத்துனர் அவ்விளையாட்டை என்றேனும் முடித்திருப்பாராயின் அவர் பெயர் இவ்வட்டில் இருக்கும்; உலகில் வேறெங்கும் இராது. இதனை அப்பெண்ணுக்குச் சொன்னது எமது அவசரம். சொன்னபின் பின்வாங்க இயலவில்லை.

முதற்கண் வட்டைப் படித்தல். மூன்றரை அங்குல வட்டுக்கு யூ.எஸ்.பி. வழியாய் இணைக்கும் செலுத்திகள் இன்றும் கிடைக்கின்றன. நண்பரொருவரிடம் ஒன்றை இரவலாய்ப் பெற்றோம். ஐந்தேகால் அங்குல வட்டு வைத்திருப்போர்க்கு இச்செலுத்தி உதவாது. அதற்குப் பழைய செலுத்தியையே தேடிப் பெற்று, வட்டிலுள்ள காந்தப் பதிவை அவ்வாறே பிரதிசெய்யும் சிறு மின்பலகையொன்றுடன் இணைத்தல் வேண்டும். வட்டைச் செலுத்தியில் இடுமுன் அதன் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளித் துவாரம் தெரியுமாறு செய்க. துவாரம் திறந்திருக்குமாயின் கணினி அவ்வட்டில் எதனையும் எழுத முடியாது, மூடியிருப்பின் எழுதும். புதிய கணினிகள் கேளாமலே எதையேனும் எழுதிவைக்கும் இயல்பின. அடுத்தது, வட்டின் தகட்டை விலக்கி உள்ளிருக்கும் படலத்தைச் சுற்றிப் பார்க்க. கொழும்பின் ஈரக்காற்றில் இருந்த வட்டுகளில் வெண்பூஞ்சணம் படர்ந்திருத்தல் பெரும்பான்மை. பூஞ்சணம் பிடித்த வட்டைச் செலுத்தியில் இட்டால் வட்டும் கெடும், செலுத்தியின் தலையும் அழுக்கேறி அடுத்த வட்டையும் கெடுக்கும். பதினொன்றில் நான்கை அவ்வாறே ஒதுக்கி வைத்தோம்.

கோப்புகளைத் தனித்தனியே பிரதிசெய்தல் போதாது. வட்டை முழுமையாய் ஒரே கோப்பாகப் படியெடுத்தல் வேண்டும். மூன்றரை அங்குல வட்டின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு 80 தடங்கள். தடமொன்றுக்கு 18 கூறுகள். கூறொன்றுக்கு 512 பைற்றுகள். பெருக்கிப் பார்க்க: 14,74,560 பைற்றுகள். படிக்கோப்பு இவ்வளவினதாய் இருப்பின் ஒரு கூறும் விடுபடவில்லை என்று கொள்ளலாம். (இதனை 1.44 மெகாபைற்று என்று வழங்கினர். ஆயிரம் என ஒருமுறையும் 1,024 என ஒருமுறையும் கொண்டு பெருக்கினாலன்றி அந்த எண் வாராது. கணக்காசிரியர் பொறுத்தருள்க.)

ஒதுக்கியவை போக எஞ்சிய ஏழில் நான்கு வெறுமையாயும் மூன்று கோப்புகள் உடையனவாயும் இருந்தன. விளையாட்டு இருந்த வட்டு முதல்முறை கரகரவென்று இரைந்து, படிக்க இயலாதென்று நின்றது. இரண்டாம் முறையும் அவ்வாறே. இத்தகைய இடத்திற் பொறுமையே கருவி. வட்டை வெளியே எடுத்து, ஒரு நாழிகை கழித்து மீண்டும் இட்டு, படியாத கூறுகளை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்க முயலும் மென்பொருளொன்றை இரவு முழுதும் ஓடவிட்டோம். விடியற்காலையில் இரு கூறுகள் தவிர மற்றெல்லாம் வந்திருந்தன. அவ்விரண்டும் எக்கோப்பினவோ என்ற அச்சத்துடன் ஆராய்ந்தபோது, அவை எதுவுமில்லா வெற்றிடத்தைச் சார்ந்தவை எனக் கண்டோம். இதனினும் பெரிய நற்பேறு அவ்வாரத்தில் எமக்கு வாய்க்கவில்லை.

படியை மடிக்கணினியில் வைத்து விளையாட்டை இயக்கினோம். இச்செயலியை உம் கணினியில் இயக்க இயலாது என்ற வாசகம் தோன்றிற்று. ஏன் இயலாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஐ.பி.எம். நிறுவனத்தார் 1981 ஆம் ஆண்டு வெளியிட்ட தனியாள் கணினியில் இருந்தது இன்ரெல் 8088 என்னும் சில்லு. ஒருகால் 16 பிற்றுகளைக் கையாளும் கட்டளைகளைக் கொண்டது அது. ஒரு மெகாபைற்று நினைவகத்தையே அதனாற் சுட்ட முடியும். அதிலும் 640 கிலோபைற்றே செய்நிரல்களுக்கு விடப்பட்டது. டொஸ் என்னும் பணிசெயல் முறைமை இதன்மேல் எழுந்தது. அதன்கீழ் ஓடும் விளையாட்டு, வீட்டில் தனியே இருக்கும் பிள்ளை போன்றது. திரையின் நினைவகத்தில் தானே எழுதும். ஒலிப்பலகையைத் தானே தட்டும். எவரிடமும் உத்தரவு கேளாது. பின்வந்த விண்டோஸ் முறைமைகளோ பல செய்நிரல்களை ஒருங்கே நடத்துவன. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் விருப்பப்படி எல்லாம் நடக்குமா? வன்பொருளை நேரே தொடுவதற்கு அங்கே தடை.

1985 இல் வந்த 80386 சில்லு இதற்கொரு வழி வைத்திருந்தது. தான் 32 பிற்றுச் சில்லாயினும், பழைய 8086 போலச் சிறிதுநேரம் நடிக்கும் ஒரு நிலை அதற்கு உண்டு. அந்நிலையைப் பயன்படுத்தியே 32 பிற்று விண்டோஸ் முறைமைகள் பழைய டொஸ் செய்நிரல்களை ஒருவாறு தாங்கி வந்தன. 2003 ஆம் ஆண்டு ஏ.எம்.டி. நிறுவனத்தார் 64 பிற்றுச் சில்லை வெளியிட்டபோது, அச்சில்லு 64 பிற்று நிலையில் ஓடுங்கால் இந்த நடிப்பு நிலையை விட்டுவிட்டனர். ஆகவே 64 பிற்று விண்டோஸ் முறைமைகள் 16 பிற்றுச் செய்நிரலை ஏற்பதில்லை. 2021 இல் வந்த விண்டோஸ் 11 முற்றிலும் 64 பிற்றே. பழைய எழுத்தைப் படிக்கும் ஒரேயொரு கிழவரும் வீட்டைவிட்டுப் போய்விட்டார் என்க.

இங்கேதான் டொஸ்பொக்ஸ் என்னும் மென்பொருள் துணைக்கு வருகின்றது. 2002 ஆம் ஆண்டு முதல் இலவசமாய் வழங்கப்படும் இது செய்வது யாது? நாட்டுக்கூத்தில் அரசன் வேடம் பூண்டவர்க்கு அரசும் இல்லை, படையும் இல்லை. ஆயினும் கட்டியக்காரன் வணங்குகின்றான், மந்திரி ஓலை கொடுக்கின்றான், கூத்து நடக்கின்றது. அவ்வாறே டொஸ்பொக்ஸ், இல்லாத பழைய சில்லாகவும், இல்லாத பழைய ஒலிப்பலகையாகவும், இல்லாத பழைய திரைப்பலகையாகவும் தானே வேடம் பூண்டு, விளையாட்டு இடும் ஒவ்வொரு கட்டளையையும் வாங்கி, இன்றைய கணினி அறியும் கட்டளைகளாக மாற்றி நிறைவேற்றுகின்றது. தான் 1990 ஆம் ஆண்டுக் கணினியொன்றில் இருப்பதாகவே விளையாட்டு எண்ணும். கட்டளைக்குக் கட்டளை பெயர்க்கும் இவ்வேலை மிகுந்த உழைப்பை வேண்டுவது. ஆனால் இன்றைய சில்லுகளுக்கு வேகம் மிஞ்சிக் கிடப்பதால் அவ்வுழைப்புத் தோன்றுவதில்லை.

செய்முறை எளிது. விளையாட்டின் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் இடுக. டொஸ்பொக்ஸைத் திறந்து, மவுண்ற் என்னும் கட்டளையால் அக்கோப்புறையை ‘சீ’ என்னும் வன்றட்டாகப் பாவிக்குமாறு சொல்க. பின் சீ என்னும் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் அடித்து அதனுட் புகுந்து, செய்நிரலின் பெயரை அடித்தலே எஞ்சிய வேலை. படிக்கோப்பின்மேல் நேரே வேலை செய்தல் ஆகாது. அதனையும் வேறொரு படியெடுத்து, அப்படியின்மேல் ஆடுக. முடித்தவர் பெயரை எழுதும் விளையாட்டு, பழைய பெயரின்மேலும் எழுதக்கூடும் அன்றோ?

இசை ஒலித்தது, அரண்மனை தோன்றிற்று. அப்பெண் திரையைப் பார்த்துச் சிரித்து, இளவரசன் ஏன் இவ்வளவு குள்ளமாய்க் கொழுத்திருக்கின்றான் என்றாள். யாம் கண்டிருந்த இளவரசனோ மெல்லிய நெடிய உடலினன். நினைவு ஏமாற்றுகின்றதோ என்றெண்ணிப் பின் தெளிந்தோம். அக்காலத்து விளையாட்டுகளின் படம் குறுக்கே 320 புள்ளிகளும் நெடுக்கே 200 புள்ளிகளும் கொண்டது. அது காட்டப்பட்ட திரையோ நான்குக்கு மூன்று என்னும் அளவினது. 320 க்கு நான்கில் மூன்று 240. ஆதலால் பழைய திரையில் 200 வரிகள் 240 வரிகளின் உயரத்துக்கு இழுபட்டு, ஒவ்வொரு புள்ளியும் அகலத்தினும் உயரம் மிக்கதாய் இருந்தது. இன்றைய திரையின் புள்ளியோ சதுரம். திருத்தாது விட்டால் எல்லாம் ஆறில் ஒருபங்கு அமுங்கித் தோன்றும். டொஸ்பொக்ஸின் அமைப்புக் கோப்பில் ‘அஸ்பெக்ற்’ என்னும் சொல்லை நோக்கி, அதற்கெதிரே உண்மை என்று மாற்றுதலே மருந்து. மாற்றினோம், இளவரசன் பழைய உருவுக்கு வந்தான்.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். 1989 இல் சிங்கப்பூர் கிரியேற்றிவ் நிறுவனத்தார் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்ரர் பலகையே அக்காலத்து வழக்காயிற்று. விளையாட்டு எவ்வொலிப்பலகை என்று வினவினால் அப்பெயரைத் தெரிந்து, வாயில் 220, இடைமறிப்பு 7, நேரணுகல் 1 என்னும் எண்களைக் கொடுத்தல் டொஸ்பொக்ஸுக்கு ஏற்றது. வெள்ளவத்தைக் கணினியில் அத்தகைய பலகை இருந்ததில்லை. கணினிப் பெட்டிக்குள் இருந்த சிறு ஒலிபெருக்கியின் கீச்சொலிதான். ஆகவே, இவ்விளையாட்டின் இசையை முழுமையாய் யாம் கேட்டது நாற்பத்தேழு வயதில், சென்ற மார்கழியிலேதான்.

வேகம் பற்றி எமக்குத் தொல்லை நேரவில்லை. இவ்விளையாட்டுக் கடிகாரத் துடிப்பைப் பார்த்து நடப்பது. எல்லா விளையாட்டும் அத்தகையவல்ல. 1980 களின் தொடக்கத்தில் எழுதியோர், உலகிலுள்ள கணினிகளெல்லாம் 4.77 மெகாஹேர்ட்ஸ் வேகத்திலேயே என்றும் ஓடும் என்று நம்பி, வெறுஞ்சுற்றுகளை எண்ணியே காலத்தை அளந்தனர். வேகமான கணினியில் அவ்விளையாட்டுத் தொடங்குமுன் முடிந்துவிடும். பழைய கணினிப் பெட்டிகளின் முகப்பில் ‘ரேர்போ’ என்றொரு பொத்தான் இருந்ததைப் பலர் நினைவுகூர்வர். வேகத்தைக் கூட்டுதற்கு என்று பெயர் சொன்னாலும், இத்தகைய விளையாட்டுகளுக்காக வேகத்தைக் குறைத்தலே அதன் பெரும்பயன். டொஸ்பொக்ஸில் கொன்றோல் சாவியுடன் எவ்-11 ஐ அழுத்தின் வேகம் குறையும். எவ்-12 ஐ அழுத்தின் கூடும். கண்ணால் பார்த்துச் சரியான இடத்தில் நிறுத்துக.

இதிலும் விசித்திரமானது பஸ்கால் மொழியிற் செய்த செய்நிரல்களின் கதை. 1990 களில் உயர்தர மாணவர் பலர் கற்ற ரேர்போ பஸ்காலில், திரையைக் கையாளும் பகுதியொன்றைச் சேர்த்து இயற்றிய செய்நிரல் வேகமான கணினியில் தொடங்கியவுடனே, பூச்சியத்தால் வகுத்த பிழை, எண் 200, என்று சொல்லி நின்றுவிடும். பூச்சியத்தால் எவரும் வகுக்கவில்லை. நடப்பது இது: தொடங்குங்கால் அச்செய்நிரல் கடிகாரத்தின் ஒரு துடிப்பில், அதாவது ஏறத்தாழ 55 மில்லிசெக்கனில், தன்னால் எத்தனை சுற்றுச் சுற்ற முடிகின்றதென எண்ணி, அவ்வெண்ணை 55 ஆல் வகுத்து ஒரு மில்லிசெக்கனுக்கு எத்தனை என்று அறிந்துகொள்ளும். விடையை இடுவதற்கு 16 பிற்றுப் பாத்திரமே உண்டு. அதன் கொள்ளளவு 65,535. கணினி வேகமாயின் விடை அதனை மிஞ்சி வழியும். வழிந்ததையும் பூச்சியத்தால் வகுத்ததையும் அச்சில்லு ஒரே மணியை அடித்தே அறிவிக்கும். செய்நிரலும் தனக்குத் தெரிந்த குற்றத்தின் பெயரைச் சொல்லிவிடுகின்றது. தம் மாணவப் பருவத்துப் பஸ்கால் செய்நிரல்கள் பழுதாயின என்றெண்ணி எறிய இருப்போர் எறியாதிருக்க. டொஸ்பொக்ஸில் வேகத்தைக் குறைத்தால் அவை ஓடும்.

வேடம் பூணுதலன்றி வேறு வழிகளும் உள. விளையாட்டை எழுதியோரே அதன் மூலநிரலை வெளியிடுவராயின், எவரும் அதனை இன்றைய கணினிக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். 1993 இல் வந்த டூம் விளையாட்டின் மூலநிரலை அதன் ஆசிரியர் 1997 இல் வெளியிட்டனர். அதனால் அவ்விளையாட்டு ஓடாத கருவி இன்று அரிது. 2001 இல் தொடங்கிய ஸ்கம்விஎம் என்னும் மென்பொருள் மூன்றாவதொரு வழியைக் கொண்டது. கதை விளையாட்டுகள் பலவற்றின் உள்ளடக்கம் ஒரு தனி மொழியில் எழுதப்பட்டிருந்தமையால், பழைய இயக்கியை நீக்கி அம்மொழியை அறிந்த புதிய இயக்கியை அது வைத்தது. ஓலையைப் பெயர்த்தெழுதாது, படிக்கத் தெரிந்தவரை அழைத்து வந்தாற்போல.

விண்டோஸ் 95 காலத்து விளையாட்டுகள் டொஸ் விளையாட்டுகளினும் பெருந்தொல்லை தருவன. சில விளையாட்டுகள் தாம் 32 பிற்றாயினும், அவற்றை நிறுவும் செய்நிரல் 16 பிற்றாயிருந்து வாயிலிலேயே நின்றுவிடும். வேறு சில, இறுவட்டு உண்மையானதோ என்று சோதிக்கும் பூட்டுகளை உடையன. ‘சேவ்டிஸ்க்’ என்னும் அத்தகைய பூட்டுக்கு வேண்டிய உறுப்பை 2015 இல் வந்த விண்டோஸ் 10 சேர்க்கவில்லை. பாதுகாப்புக் குறை அதிலுண்டு என்பது காரணம். விளைவு யாது? காசு கொடுத்து வாங்கியவன் வட்டு ஓடாது. பூட்டை உடைத்த களவுப் படி ஓடும். இதனை நீதி என்று எவ்வாறு சொல்வது?

களவுப் படி என்றதும் ஒன்றை மறைத்தல் தகாது. வெள்ளவத்தை வட்டும் கைக்குக் கை மாறிய படியே. காசு கொடுத்து வாங்கியதன்று. பழைய விளையாட்டென்பதால் உரிமை ஒழிந்துவிடாது. கடையிற் கிடைக்காததாலும் ஒழிந்துவிடாது. ‘பெனீத் எ ஸ்ரீல் ஸ்கை’ என்னும் விளையாட்டை அதன் உரிமையாளர் 2003 இல் இலவசமாக விட்டது போன்ற பெருந்தன்மை அரிது. மறுபுறம், 2010 க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இன்று விலைக்குக் கிடைப்பதில்லை என 2023 இல் காணொளி விளையாட்டு வரலாற்று நிறுவகத்தார் ஓர் ஆய்வில் வெளியிட்டனர். ஆராய்ச்சியாளர் தொலைவிலிருந்து அவற்றை ஆடிப் பார்க்க நூலகங்கள் உதவலாமா என்ற வேண்டுகோளை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தார் 2024 ஐப்பசியில் மறுத்தனர். எமக்கு இது பொருத்தமாய்ப் படவில்லை. விற்கவும் மாட்டோம், நூலகத்திற் காட்டவும் விடோம் எனின், அப்பொருள் யாருக்கு?

பிரின்ஸ் ஒவ் பேர்சியாவை இயற்றிய ஜோர்டான் மெக்னர்க்கே நேர்ந்ததைக் கேளுங்கள். தம் இளைய சகோதரனை ஓடவும் குதிக்கவும் ஏறவும் செய்து, அதனை 1985 இல் காணொளியாய் எடுத்து, அவ்வசைவுகளை ஒவ்வொரு படமாய் வரைந்தே இளவரசனின் நடையை அவர் அமைத்தார். இசையமைத்தவர் அவர் தந்தை. 1989 இல் அப்பிள் கணினிக்கு முதலில் வந்த அவ்விளையாட்டின் மூலநிரல் பின்னர்க் காணாமற்போயிற்று. 2012 ஆம் ஆண்டு அவர் தந்தை வீட்டு அலமாரியொன்றின் ஆழத்தில் பழைய வட்டுகள் கொண்ட பெட்டியொன்றைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். பழைய கணினிகளில் வல்லார் சிலர் கூடி அவ்வட்டுகளைப் படித்தனர். மெக்னர் மூலநிரலை உலகறிய இணையத்தில் வைத்தார். ஆசிரியர்க்கே படி இல்லை. தந்தையின் அலமாரியே காத்தது.

எம் பெட்டியிலிருந்த மடித்த தாளுக்கு வருவோம். இவ்விளையாட்டின் முதற்கட்டம் முடிந்ததும் இளவரசன் ஓர் அறைக்குள் வருவான். அங்கே எழுத்துகள் பொறித்த மருந்துக் குப்பிகள் பல இருக்கும். கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ அக்குப்பியைக் குடிக்க என்று கேட்கும். கையேடு இல்லாதவன் அதற்கப்பாற் செல்ல இயலாது. மைத்துனர் நண்பரொருவரின் கையேட்டைப் பார்த்து, பக்கம், வரி, சொல், எழுத்து என நான்கு நிரலாய் அத்தாளில் எழுதி வைத்திருந்தார். நீலமை மங்கியிருந்தது, ஆறுக்கும் எட்டுக்கும் வேறுபாடு தெரியாத அவர் கையெழுத்து மாறவில்லை. அப்பெண் அத்தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டைக் காப்போர் அதனுடன் வந்த தாளையும் காக்க வேண்டும் என்பதை யாம் அன்றுவரை எண்ணியதில்லை.

புகழ்மண்டபத்தைக் காண ஆடவேண்டுவதில்லை. சாவியொன்றையும் தொடாது காத்திருந்தாற் போதும். தொடக்கக் காட்சிகள் ஒவ்வொன்றாய்க் கழிந்தன. பின் பெயர்ப்பட்டியல் வந்தது. அதில் ஒரே வரி. விளையாட்டின் ஒரு மணிநேரத்தில் மூன்று நிமிடமும் சில செக்கன்களும் மிஞ்சியிருக்க முடித்திருந்தார். பெயரிருக்க வேண்டிய இடத்தில் தம் பெயரையும் எம் பெயரையும் இடைவெளியின்றிச் சேர்த்து ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். யாம் அவ்விளையாட்டில் எட்டாம் கட்டத்தைத் தாண்டியவரல்லேம். அவர் முடித்தது யாம் ஆசிரியர் கலாசாலைக்குப் புறப்பட்ட பின்னராதல் வேண்டும். எமக்கு அவர் சொன்னதில்லை. அப்பெண்ணுக்கு அது முதலில் விளங்கவில்லை. எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படித்து, “இது நீங்களோ மாமா?” என்றாள்.

அக்கோப்பின் படிகள் இப்போது மூன்று இடங்களில் உள: எம் வன்றட்டில் ஒன்று, அவள் கொண்டுபோன சிறு நினைவுக்குச்சியில் ஒன்று, கனடாவில் அவர்கள் வீட்டுக் கணினியில் ஒன்று. தாளையும் ஒளிப்படியெடுத்து உடன் வைத்தோம். மூல வட்டைத் துவாரம் திறந்தபடியே, காற்றுப்புகாத உறையிலிட்டு, ஈரமுறிஞ்சும் சிறு பொதியொன்றுடன் வைத்திருக்கின்றோம். பூஞ்சணம் பிடித்த நான்கு வட்டுகளும் இன்னும் மேசையிலேயே இருக்கின்றன. அவற்றைத் தூய்மைசெய்து படிக்கும் திறனுடையார் பழைய மாணவருள் எவரேனும் இருப்பின், கல்லூரி அலுவலகத்தின் வாயிலாக எமக்கு எழுதுக.

அன்றிரவு அவள் ஆடத் தொடங்கினாள். முதற் பள்ளத்திலேயே விழுந்து ஈட்டிமுனையில் இறந்தாள். வாளை எடுக்க இடப்புறம் செல்லவேண்டும் என்று யாம் சொல்ல வாயெடுத்தோம். சொல்ல வேண்டாமென்று கையமர்த்தினாள். மணி பதினொன்று ஆகியும் எழுந்தாளல்லள். தாயார் இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.